பில் மெஷினுக்குள் இருக்கும் ட்யூட்டி சார்ட்

குன்னூர், கோத்தகிரி வட்டாரத்துச் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுவதும் ஜிஎஸ்டி தாக்கல் செய்வதும் என் தொழில். கொஞ்ச காலமாகக் கணக்கோடு சேர்த்து இன்னொரு கேள்வியையும் கடைக்காரர்கள் கொண்டுவருகிறார்கள். ஆள் கிடைப்பதில்லை, கிடைத்த ஆளும் நிற்பதில்லை, சீசனில் கூட்டத்தைச் சமாளிக்க முடியவில்லை, ஆஃப் சீசனில் சம்பளம் கொடுக்க முடியவில்லை, இதற்கு என்ன வழி என்று கேட்கிறார்கள். இதற்கென்றே ஆயத்தமான பதில் ஒன்று இப்போது சந்தையில் விற்பனைக்கு வந்திருக்கிறது. முகத்தைப் பார்த்து வருகை பதியும் செயலி, யார் எத்தனை பில் போட்டார் என்று தரவரிசை காட்டும் மென்பொருள், கடைக்குள் நடப்பதை முதலாளியின் கைப்பேசியில் காட்டும் கேமரா என்று மாதச் சந்தாவில் எல்லாமே கிடைக்கின்றன. டேட்டாவை வைத்து ஆட்களை நிர்வகிக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால், நான்கைந்து பேர் வேலை செய்யும் கடையில், ஆளைப் பற்றிய எண்ணால் அநேகமாக எந்தப் பயனும் இல்லை, நேரத்தைப் பற்றிய எண்ணால் நிறையப் பயன் உண்டு என்பதுதான் என் கட்சி.

எண்ணை வைத்து ஆளை மதிப்பிடுவது நீலகிரிக்குப் புதிய சங்கதியும் அன்று. தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக நடந்துவருவது அதுதான். காலையிலிருந்து பறித்த பச்சை இலையை எடைபோட்டு, ஆளின் பெயருக்கு நேரே கிலோவை எழுதி, குறிப்பிட்ட எடைக்கு மேல் பறித்தால் கூடுதல் காசும் குறைந்தால் பேச்சும் கொடுக்கிற ஏற்பாட்டை இந்த மலையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்தக் கணக்கைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு அதன் ஓட்டையும் தெரியும். கவாத்து செய்து இப்போதுதான் தளிர்விடும் காட்டில் நிறுத்தப்பட்டவருக்கும், மழை விட்டு இலை தள்ளிக்கொண்டு நிற்கும் காட்டில் நிறுத்தப்பட்டவருக்கும் ஒரே கை இருந்தாலும் ஒரே எடை வராது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்து கருகிய செடியில் எந்தக் கெட்டிக்காரியாலும் எடையைக் கூட்ட முடியாது. பெயருக்கு நேரே எழுதப்பட்ட கிலோவில் பெரும்பங்கு காட்டினுடையது, பருவத்தினுடையது. அதனால்தான் அனுபவமுள்ள கணக்குப்பிள்ளைகள் எந்தக் காடு, எத்தனையாவது சுற்று என்பதையும் சேர்த்துப் பார்த்த பிறகே ஒருவரைப் பற்றி வாய் திறப்பார்கள்.

கடைக்கு வருவோம். கம்பளி உடைகள் விற்கும் கடையில் வாசலுக்குப் பக்கத்தில் நிற்கும் பெண்ணுக்குத்தான் வருகிற வாடிக்கையாளர் முதலில் அகப்படுவார். உள்ளே சால்வை அலமாரிக்குப் பக்கத்தில் நிற்பவர் பத்துச் சால்வையை விரித்துக் காட்டி, அவற்றை மடித்து வைப்பதற்குள் வாசலில் நான்கு குல்லா விற்றிருக்கும். மாதக் கடைசியில் மென்பொருள் வாசலில் நின்றவருக்கு முதலிடம் கொடுக்கும். போதாக்குறைக்கு, பெரும்பாலான சிறு கடைகளில் பில் மெஷினுக்கு ஒரே லாகின்தான் இருக்கும், அதையும் முதலாளியின் பெயரில் எல்லாரும் பயன்படுத்துவார்கள். அப்படிப்பட்ட கடையில் 'இந்த மாதத்தின் சிறந்த பணியாளர்' என்று ஒருவர் படத்தைச் சுவரில் மாட்டுவது சீட்டுக் குலுக்கிப் போடுவதைப் போன்றதுதான். எனக்கு அந்த வழக்கமே பிடிப்பதில்லை. ஐந்து பேரில் ஒருவரைப் படமாக மாட்டினால் மற்ற நான்கு பேரும் அதைப் பார்த்துக்கொண்டேதான் அன்றாடம் வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

நேரத்தைப் பற்றிய எண் என்று நான் சொல்வது எது என்பதை ஒரு கடையை வைத்துச் சொன்னால் விளங்கும். தேயிலைத் தூள், சாக்லேட், வர்க்கி, நீலகிரித் தைலம் விற்கிற கடை ஒன்று காலை 7 மணிக்குத் திறந்து இரவு 9 மணிக்கு மூடுகிறது, முதலாளியைத் தவிர ஐந்து பேர் வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 14 மணி நேரம், வாரத்துக்கு 98 மணி நேரம் கடை திறந்திருக்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, ஒரு பணியாளருக்கு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலை நேரத்தை வரையறுக்கிறது. ஐந்து பேருக்கும் சேர்த்து 240 மணி நேரம். அதை 98ஆல் வகுத்தால், எந்த நேரத்திலும் கடையில் நிறுத்தக்கூடிய ஆள் சராசரியாக இரண்டரைக்கும் சற்றுக் குறைவு. முதலாளிகளிடம் இந்த வகுத்தலைப் போட்டுக் காட்டினால் முதலில் நம்ப மாட்டார்கள். 'அஞ்சு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறேனே' என்பார்கள். சம்பளப் பட்டியலில் ஐந்து பேர் இருந்தாலும் கடையில் ஒரு வேளைக்கு இரண்டரைப் பேர்தான் இருக்க முடியும். அதற்கு மேல் யாராவது நிற்கிறார்கள் என்றால், வார விடுப்போ சாப்பாட்டு இடைவேளையோ யாரோ ஒருவரிடமிருந்து பிடுங்கப்படுகிறது என்று பொருள். நான்கு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்குவதானால் ஒரு மணி நேர ஓய்வு கொடுக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

கூடுதல் நேரம் வாங்கிச் சமாளிக்கலாமே என்று தோன்றும். சட்டம் அதற்கும் எல்லை வைத்திருக்கிறது. கூடுதல் நேரத்தையும் சேர்த்து நாளைக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணிக்கு மேல் போகக்கூடாது, அந்தக் கூடுதல் மணிக்கு இரட்டைச் சம்பளம் கொடுக்க வேண்டும். ஐந்து பேரும் 54 மணி நேரம் வேலை செய்தால் 270 மணி, 98ஆல் வகுக்க இரண்டே முக்கால் ஆள். எல்லாரையும் எல்லை வரை வேலை வாங்கி, இரட்டைச் சம்பளமும் கொடுத்து, கிடைப்பது கால் ஆளுக்குக் கொஞ்சம் மேல். மாறாக, ஆஃப் சீசனில் கடையை இரவு 8 மணிக்கே மூடினால் வாரத்துக்கு 91 மணி நேரம்தான் திறந்திருக்கும். அதே 240 மணி நேரத்தில் ஒரு வேளைக்கு 2.64 ஆள் நிற்கலாம். கூடுதல் நேரத்தால் கிடைத்த ஆதாயத்தில் பாதிக்கு மேல் இப்படிக் காசு செலவில்லாமல் கிடைத்துவிடுகிறது. அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தில் எத்தனை பில் விழுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் மூடுவதா வேண்டாமா என்பதை முடிவு செய்ய வேண்டும். அந்த எண் ஏற்கெனவே பில் மெஷினுக்குள் இருக்கிறது. மணிவாரி அறிக்கை என்ற வசதி பெரும்பாலான மெஷின்களில் உண்டு, யாரும் அதை அழுத்துவதில்லை. பில் மெஷின் இல்லாத பெட்டிக்கடையாக இருந்தாலும் யுபிஐ வரவுப் பட்டியலில் ஒவ்வொரு வரவுக்கும் நேரம் இருக்கும்.

ஒரு மணி நேரத்தில் எவ்வளவு ரூபாய்க்கு விற்றது என்பதை விட எத்தனை பில் விழுந்தது என்பதே ஆள் கணக்குக்கு முக்கியம். திருமண வீட்டுக்கு மொத்தமாகச் சாக்லேட் வாங்குகிறவர் பெரிய தொகைக்கு ஒரே பில் போட்டுக்கொண்டு போய்விடுவார். கால் கிலோ வர்க்கி வாங்க வந்த இருபது பேர்தான் கடையைத் திணறடிப்பார்கள். ரூபாயைப் பார்த்து ட்யூட்டி போட்டால் மாலையில் ஆளைக் குவித்துவிட்டுக் காலையில் கல்லாவில் ஒருவரைத் தனியாக விடும் நிலைமை வரும்.

குன்னூருக்கு இதில் தனி விசேஷம் ஒன்று உண்டு. காலை 7.10க்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்பும் மலை ரயில் பத்தரை மணியை ஒட்டிக் குன்னூருக்கு வரும். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரப் பாதை என்பதால் இங்கே எஞ்சின் மாற்றுவார்கள், அதுவரை வண்டி நிற்கும். ரயில் நிலையத்தை ஒட்டியிருக்கும் கடைகளின் மணிவாரி அறிக்கையில் அந்த அரை மணி நேரம் தூணாட்டம் நிமிர்ந்து நிற்கும், பிறகு பிற்பகல் மூன்று மணி வாக்கில் சரிந்து கிடக்கும். பெட்ஃபோர்டு பக்கத்துக் கடைகளுக்கு இந்தத் தூண் கிடையாது, அங்கே பள்ளி விடும் நேரத்துக்குத்தான் பில் ஏறும். ஆகவே, பக்கத்துக் கடைக்காரர் இரண்டு ஷிப்ட் போட்டிருக்கிறார் என்று நாமும் போடுவதில் பொருள் இல்லை.

தூண் எங்கே, பள்ளம் எங்கே என்று தெரிந்த பிறகு செய்யக்கூடிய வேலை ஆளைக் கூட்டுவது மட்டுமன்று. நான் பார்த்த ஒரு கடையில், தேயிலைத் தூளை 250 கிராம் பொட்டலங்களாகப் போட்டு ஒட்டும் வேலையைக் காலையில் கடை திறந்ததும் தொடங்குவது வழக்கமாக இருந்தது. ரயில் கூட்டம் வரும்போது தராசு, பாலித்தீன் உறை, ஒட்டும் மெஷின் எல்லாம் மேடையை அடைத்துக் கிடக்கும், ஒருவர் கையெல்லாம் தூளாக நிற்பார். அந்த வேலையைப் பிற்பகல் பள்ளத்துக்கு மாற்றியதும் பத்தரை மணிக்கு ஒரு ஆள் விடுபட்டார். புதிதாக யாரையும் எடுக்கவில்லை. இதை எந்தச் செயலியும் சொல்லித் தரவில்லை, மணிவாரி அறிக்கையின் ஒரு துண்டுச் சீட்டைப் பார்த்துவிட்டு அங்கே வேலை செய்யும் அக்கா ஒருவர்தான் சொன்னார்: 'அண்ணா, பொட்டலத்தை மத்தியானத்துக்கு வச்சுக்கலாம்ல?' எண்ணைப் பணியாளரிடம் காட்டினால் கிடைக்கும் லாபம் இது. எண் அவரைப் பற்றியதாக இருந்திருந்தால் அவர் வாய் திறந்திருக்க மாட்டார்.

பில் மெஷினுக்குத் தெரியாதவையும் உண்டு. கூட்டத்தைப் பார்த்துவிட்டு வாங்காமல் திரும்பிப் போனவரின் பெயரில் பில் இல்லை. அதற்குக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஓர் அட்டையை வைத்து, நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுக்கும் பழைய கணக்கே போதும். அடுத்து, ஒவ்வொரு நாளின் எண்ணுக்கும் பக்கத்தில் 'ஏன்' என்று ஒரு கட்டம் வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் பாதையில் மண் சரிந்து ரயில் ரத்தாகும், பர்லியாறு பக்கம் சாலையில் மரம் விழுந்து வண்டிகள் நிற்கும். உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் நீலகிரிக்குள் வரும் சுற்றுலா வண்டிகளுக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 என்று உச்ச எண்ணிக்கை விதிக்கப்பட்டது. இவற்றைக் குறித்து வைக்காமல் போன ஆண்டின் ஏப்ரல் எண்ணையும் இந்த ஆண்டின் ஏப்ரல் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'விற்பனை குறைந்துவிட்டது, ஆட்கள் சரியில்லை' என்று முடிவு கட்டினால், இலை இல்லாத காட்டில் நிறுத்திவிட்டு எடையைக் கேட்ட கதைதான்.

வருகைப் பதிவு மெஷின்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாத்திரம் கழுவியும் இலை பறித்தும் ரேகை தேய்ந்த விரல், அதுவும் குளிரில் விறைத்த விரல், மெஷினில் பல தடவை வைத்தாலும் பதிவதில்லை என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். சிக்னல் இல்லாத வளைவில் பஸ் மாட்டிக்கொண்டால் கைப்பேசிச் செயலியும் உதவாது. ஐந்து பேர் உள்ள கடைக்கு ஒரு நோட்டும் கையெழுத்தும் தாராளமாகப் போதும். முக அடையாளம், இருப்பிடத் தகவல் முதலியவற்றை வாங்கி வைக்கும் முதலாளி ஒன்றை மட்டும் தெரிந்துகொள்வது நல்லது. 2023இல் இயற்றப்பட்ட எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகளும் அறிவிக்கப்பட்டுவிட்டன. வேலை தொடர்பான சில தேவைகளுக்குத் தனியே ஒப்புதல் கேட்காமலே பணியாளரின் தகவலைக் கையாளலாம் என்று அந்தச் சட்டம் முதலாளிக்கு இடம் கொடுத்திருக்கிறது. இருந்தாலும் அந்தத் தகவலைப் பாதுகாக்கும் பொறுப்பும் சேர்ந்தே வருகிறது. கடைப் பையன் விலகிப் போன பிறகும் அவன் முகம் யாரோ ஒரு கம்பெனியின் சர்வரில் கிடப்பதற்கு நாம் ஏன் பொறுப்பேற்க வேண்டும்?

ஆள் ஏன் நிற்பதில்லை என்ற கேள்விக்கும் நேரக் கணக்கில்தான் பாதிப் பதில் இருக்கிறது. குன்னூர்க் கடைகளில் வேலை செய்பவர்களில் பலர் சுற்றுவட்டாரத்தில் ஹட்டிகள் எனப்படும் படுகர் ஊர்களிலிருந்தும் தோட்டக் குடியிருப்புகளிலிருந்தும் வருகிறவர்கள். இரவு 9 மணிக்குக் கடையை மூடி, ஷட்டரை இழுத்து, கல்லாவை எண்ணி முடிப்பதற்குள் ஊருக்குப் போகும் கடைசி பஸ் போய்விடும். அதன் பிறகு ஆட்டோவுக்குக் கொடுக்கும் காசு அன்றைய கூலியில் ஒரு பங்கு. நடந்து போகலாம் என்றால், தேயிலைக் காட்டுப் பாதையில் கரடியும் காட்டெருமையும் நிற்கிற மலை இது. விலகிப் போனவர்களைக் கேட்டால் சம்பளம் போதவில்லை என்றுதான் சொல்வார்கள். அவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், அந்த ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் வேறொரு காரணமும் தெரியவரும். ட்யூட்டி சார்ட்டில் பெயருக்குப் பக்கத்தில் கடைசி பஸ் நேரத்தை எழுதி வைக்கச் சொல்வது நான் கொடுக்கும் யோசனைகளில் மிகவும் மலிவானது. அப்படி எழுதியவர்கள் பக்கத்துத் தெருவில் குடியிருப்பவருக்கு இரவு ஷிப்டையும் தூரத்து ஊர்க்காரருக்குக் காலை ஷிப்டையும் கொடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

உட்காருவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடைப் பணியாளர்களுக்கு இருக்கை வசதி தர வேண்டும் என்று 2021இல் அதே கடைகள் சட்டத்தில் தமிழ்நாடு அரசு திருத்தம் கொண்டுவந்தது. பிற்பகல் பள்ளத்தில் ஆட்கள் உட்கார்ந்திருப்பதைக் கேமராவில் பார்த்து உடனே போன் செய்யும் முதலாளிகள் இன்னும் இருக்கிறார்கள்.

சிறு தொழிலுக்கு உதவி என்று அரசு தருவது பெரும்பாலும் முதலீட்டுக்கு. 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள உத்யம் பதிவைச் செய்துவிட்டு மாவட்டத் தொழில் மையத்துக்குப் போனால், மெஷின் வாங்கவும் தொழிலை விரிவாக்கவும் மானியத்தோடு கடன் கிடைக்க வழி சொல்வார்கள். உணவு பதப்படுத்தும் குறுந்தொழில்களுக்கான ஒன்றியத் திட்டத்தில் திட்ட மதிப்பில் 35 சதவீதம், உச்சமாக 10 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. வர்க்கி சுடும் அடுப்பை மாற்றவோ சாக்லேட் அறையைக் குளிரூட்டவோ நினைப்பவர்கள் அதைக் கேட்டுப் பார்க்கலாம். ஆள் எடுப்பதற்கு என்று பார்த்தால், 2025 ஆகஸ்ட் 1 முதல் புதிதாக வேலைக்குச் சேர்க்கும் ஒவ்வொருவருக்கும் முதலாளிக்கு மாதம் 3,000 ரூபாய் வரை கொடுக்கும் ஒன்றியத் திட்டம் ஒன்று வந்திருக்கிறது. ஆனால் அது வருங்கால வைப்பு நிதியில் பதிவு செய்த நிறுவனங்களுக்கானது, 50 பேருக்குக் கீழே உள்ள இடங்கள் குறைந்தது இரண்டு பேரைக் கூடுதலாக எடுத்தாக வேண்டும். வைப்பு நிதி பொதுவாக 20 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களுக்குத்தான் கட்டாயம் என்பதால், நான் கணக்கு எழுதும் கடைகளில் ஒன்றுகூட அதில் பதிவு செய்யவில்லை. ஐந்து பேர் உள்ள கடைக்கு ட்யூட்டி போடக் கற்றுக்கொடுக்கும் திட்டம் எதையும் நான் பார்த்ததில்லை. மாவட்டத் தொழில் மையத்தின் பயிற்சி முகாம்களில் கடன் விண்ணப்பம் நிரப்பச் சொல்லித் தரும் அரை நாளில், இந்த 240ஐ 98ஆல் வகுக்கும் கணக்குக்கு அரை மணி நேரம் ஒதுக்கினால்கூடப் போதும். கடன் கொடுக்கும் வங்கிக்கும் அதில் நன்மை உண்டு. மணிவாரி விற்பனையும் வங்கிக் கணக்கு வழியாகக் கொடுத்த சம்பளமும் கையில் இருக்கும் கடைக்காரரை மேலாளர் கேள்வி கேட்பதும் குறைவு.

கடைசியாக லீவுக் கணக்கு. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு ஹட்டிகளில் இருந்து வரும் பணியாளர்கள் வேலைக்கு வர மாட்டார்கள், வரச் சொல்லிக் கேட்பதும் முறையில்லை. ஐந்தில் ஒருவர் இல்லாவிட்டாலே 192 மணி நேரம்தான், ஒரு வேளைக்கு இரண்டு ஆள்கூட முழுசாக வராது. அது பனிக்காலம், வெளியூர்க் கூட்டம் புத்தாண்டோடு இறங்கிவிடும் என்பதால் கடையை எட்டு மணிக்கே மூடிச் சமாளிக்கலாம். சித்திரையில் தந்தி மாரியம்மன் கோயில் திருவிழாவும் சீசன் தொடக்கமும் ஒன்றாக வருவதுதான் உண்மையான இக்கட்டு. மேலே சொன்ன பொட்டலக் கடையில் இதற்காகத் தை மாதத்திலேயே சித்திரைக் காலண்டரைச் சுவரில் மாட்டி, லீவு வேண்டிய நாளில் அவரவர் பெயரை எழுதச் சொல்லிவிட்டார்கள். சென்ற முறை ஒரே நாளில் மூன்று பெயர் விழுந்தது. முதலாளி தலையிடவில்லை, அவர்களே பேசி இருவர் ஆளுக்கு அரை நாள் என்று பிரித்துக்கொண்டார்கள், மூன்றாமவர் தன் தம்பியைச் சீசன் முடியும் வரை தற்காலிக ஆளாகக் கொண்டுவந்து நிறுத்தினார். அந்தத் தம்பிக்குச் சம்பளம் பேசும்போது, கூடுதல் நேரத்துக்குக் கொடுக்க வேண்டிய இரட்டைச் சம்பளத்தை அளவாக வைத்துக்கொண்டோம். அதைவிடக் குறைந்த செலவில் முழுதாக ஓர் ஆள் கிடைத்ததால், அந்த மே மாதம் கடையில் யாரையும் எட்டு மணி நேரத்துக்கு மேல் நிறுத்த வேண்டியிருக்கவில்லை.